அடுக்களைக்கும் வேண்டும் கைப்பிடிச் சுவர்

ஆடிக் கிருத்திகை நெருங்கும் நாட்களில் திருத்தணி மலையை நோக்கிச் செல்லும் சாலைகள் யாவும் காவடிகளாலும் மஞ்சள் ஆடைகளாலும் நிறைந்துவிடும். தமிழகத்து ஊர்களிலிருந்து மட்டுமன்று, எல்லைக்கு அப்பாலுள்ள நகரி, புத்தூர்ப் பகுதிகளிலிருந்தும் மக்கள் சாரி சாரியாக வருவர். அந்நாட்களில் திருவாலங்காட்டைச் சுற்றியுள்ள சாலையோர உணவு விடுதிகளின் அடுப்புகள் இரவிலும் அணைவதில்லை. உண்ண வரும் கூட்டம் பல மடங்காகும். சமைப்பவரோ வழக்கமான அதே எட்டுப் பேர்தாம். அப்படி ஒரு கிருத்திகைக்கு முந்திய இரவில், நம் பங்கைச் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், தாம் வேலை செய்த ஓட்டலில், கொதிக்கும் சாம்பார் அண்டாவின்மேல் சரிந்து விழுந்தார்.

அவர் செய்துகொண்டிருந்தது எளிய வேலை. கழுவிய தட்டுகளை அடுக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கழுவுமிடத்திலிருந்து பரிமாறும் கூடத்திற்குக் கொண்டுபோக வேண்டும். தட்டு அடுக்கு உயரமாக இருந்ததால் காலடி தெரியவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய அண்டா, வாளிகளில் முகந்துகொள்ள வசதியாக, நடைவழியின் திருப்பத்திலேயே தரையில் வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் திறந்து மூட நேரமில்லை என்பதால் மூடி போடவில்லை. தரையில் கழுவிய நீரும் சிந்திய எண்ணெயும் கலந்து கிடந்தன. காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. கால் வழுக்கியது. இடக்கையும் இடப்பக்கமும் வெந்துபோயின. உடன் வேலை செய்தோர் பதற்றத்தில் கைக்குக் கிடைத்த இட்லி மாவை அள்ளிப் பூசினர்.

சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீப்புண் சிகிச்சைப் பிரிவுக்கு அவரைக் காணச் சென்றோம். நோயில் பூசுதல் அருளடையாளத்தை வழங்கிவிட்டு வெளியே வந்தபோது, தாழ்வாரத்தில் அவருடைய தாய் தரையில் அமர்ந்திருந்தார். கரும்பு வெட்டிப் பிள்ளையை வளர்த்தவர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிப் பழகிய சொற்களையே அவரிடமும் சொன்னோம். “எல்லாம் ஆண்டவர் சித்தம் அம்மா. மனம் தளராதீர்கள்.”

அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய குரலில் கோபம் இல்லை. அறியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தொனியே இருந்தது.

“ஏன் சாமி, ஆண்டவரா சாம்பார் அண்டாவ வழியில வெச்சாரு? வேலைக்கு விட்டப்ப, உம் புள்ளைய நான் பார்த்துக்கிறேன்னு முதலாளி சொன்னாரே சாமி.”

நம்மிடம் பதில் இல்லை. அரக்கோணம் செல்லும் மின்தொடர் வண்டியில் திருவாலங்காட்டு நிலையத்தில் இறங்கும்வரை செபமாலை கையில் இருந்தது, மணிகள் நகர்ந்தன, மனம் நகரவில்லை. குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இறையியல் படித்த நாம், கடவுளின்மீது ஒரு பொய்க் குற்றத்தைச் சுமத்திவிட்டு வந்திருக்கிறோம் என்பதை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் உணர்த்திவிட்டார்.

அன்றிரவு திருவிவிலியத்தைத் திறந்தோம். சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை ஆண்டவர் பேசுகிறார் (லூக்கா 13:4). இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று அவர் தெளிவாகவே கூறுகிறார். விபத்தைத் தண்டனையாகக் காணும் எண்ணத்தை மறுத்துவிட்டு, உயிரோடிருப்போர் மனம் மாற வேண்டும் என்கிறார். விபத்தைக் கண்ட பிறகு மாற வேண்டியவர்கள் நிற்பவர்களே, விழுந்தவர்கள் அல்லர்.

பழைய ஏற்பாட்டின் சட்டங்களை நாம் பொதுவாக விரைந்து கடந்துவிடுவோம். அன்று நிறுத்திப் படித்தோம். குழி தோண்டி அதை மூடாமல் விட்டவன், அதில் மாடோ கழுதையோ விழுந்து இறந்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது விடுதலைப் பயணம் (21:33-34). விழுந்த மாடு கவனமாக நடந்ததா என்று அச்சட்டம் கேட்கவில்லை. குழியை ஏன் மூடவில்லை என்றே கேட்கிறது. இணைச்சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது (22:8). புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, ஒருவன் அங்கிருந்து விழுந்து இறந்தால் அந்த வீட்டின்மேல் இரத்தப்பழி வரும். விழுந்த பின்னர் கொடுக்கும் ஈட்டைப் பற்றியது முதற்சட்டம். விழுமுன்னர் எழுப்ப வேண்டிய சுவரைப் பற்றியது இரண்டாவது. மூடியில்லாத அண்டா மூடாத குழியேயன்றி வேறென்ன? ஓட்டல் அடுக்களைக்கும் ஒரு கைப்பிடிச் சுவர் கடவுளின் சட்டப்படியே தேவையன்றோ?

சில நாட்கள் கழித்து அந்த ஓட்டலுக்குச் சென்றோம். உரிமையாளர் கொடியவர் அல்லர். சிறுவயதில் சென்னைக்குச் சென்று தட்டுக் கழுவி, மாவாட்டி, பிறகு சரக்கு மாஸ்டராகி, சேர்த்த பணத்தில் ஓட்டல் வைத்தவர். மருத்துவச் செலவுக்கும் கொடுத்திருந்தார். நம்மைக் கண்டதும் தமது இரு முன்கைகளையும் நீட்டிக் காட்டினார். எண்ணெய் தெறித்த தழும்புகள், வாணலி விளிம்பு சுட்ட கோடுகள். “எனக்கும் இருக்கு பாருங்க சாமி. சூடு படாம இந்தத் தொழிலை எவன் கத்துக்கிட்டான்?” என்றார். தழும்புகளை அவர் பதக்கங்களைப்போல் காட்டினார். தாம் பட்ட துன்பத்தையே அடுத்தவனும் பட்டாக வேண்டும் என்று எண்ணத் தொடங்கும்போது, நல்ல மனிதரும் கல்மனத்தவர் ஆகிவிடுகிறார். நமது குருமடங்களிலும் குடும்பங்களிலும்கூட இக்குணம் இல்லாமலில்லை.

அவர் நம்மை அடுக்களைக்கு அழைத்துச் சென்றார். நம் வாழ்நாளில் எத்தனையோ ஓட்டல்களில் உண்டிருக்கிறோம். ஓர் அடுக்களைக்குள் கால் வைத்தது அதுவே முதல் முறை. புகை போக வழி குறைவு. வாயில் ஒன்றே, அதன் பக்கத்திலேயே எரிவாயு உருளைகள். ஈரத் தரையில் மாவரைக்கும் எந்திரத்தின் மின்கம்பி கிடந்தது. பரோட்டாக் கல்லின்முன் நின்றவர் பனியனும் லுங்கியுமாய் நின்றார். ஒருவர் தெலுங்கு பேசினார். இருவர் வட இந்தியர். “கவனம்” என்று சுவரில் தமிழில் எழுதியிருந்ததை அவர்களால் படிக்க இயலாது.

இத்தகைய நிகழ்ச்சி ஓர் ஊரின் கதை மட்டுமன்று. நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே, மீஞ்சூர்ப் பகுதியில், 2023 ஏப்ரலில், படித்துக்கொண்டே பகுதி நேரமாகத் திருமணப் பந்தி வேலைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவர் கொதிக்கும் ரசப் பாத்திரத்தில் விழுந்து, பின்னர் மருத்துவமனையில் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டு, 2022இல், மதுரைப் பழங்காநத்தத்தில் ஆடிக் கூழ் காய்ச்சியபோது, உதவிக்கு நின்ற ஒருவர் கூழ் அண்டாவில் விழுந்து மாண்டார். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சத்துணவுச் சமையலிடத்தில் எழுந்த தீ கூரை ஓலையில் பற்றி 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை எவர் மறப்பார்? அதன் பின்னரே பள்ளிகளின் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. ஓட்டல், மண்டபம், கோயில், பள்ளி என இடங்கள் வேறு. திறந்த அண்டாவும் காவலற்ற நெருப்பும் எங்கும் ஒன்றே.

அடுக்களையின் ஆபத்துகளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கொதிநீர் 100 பாகை வெப்பம் கொண்டது. 60 பாகை நீரே சில வினாடிகளில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். வடை பொரியும் எண்ணெயின் வெப்பமோ ஏறத்தாழ 180 பாகை. அந்த எண்ணெய் தீப்பற்றினால் பலரும் முதலில் செய்வது நீரை ஊற்றுவது. அதுவே பெருங்கேடு. எண்ணெயின் அடியில் இறங்கும் நீர் நொடியில் ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் கூரைவரை தெறிக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தட்டால் மூடிவிட்டால் காற்றின்றித் தீ அடங்கிவிடும். எரிவாயுவின் இயல்பும் அறியத்தக்கது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே செல்லாமல் தரையோடு பரவித் தங்கும். எனவே மேலே சன்னல் இருந்தால் மட்டும் போதாது. தரை மட்டத்திலும் காற்று வெளியேற வழி வேண்டும். கசிவு நாறினால் விளக்குப் பொத்தானைக்கூடத் தொடலாகாது. ஈரக் கையோடு தொடும் எந்திரத்திற்கு நிலக்கம்பி இணைப்பு இல்லையெனில் அது மறைந்திருக்கும் பாம்பு. மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அதை அழுத்தி வெட்ட வேண்டியிருப்பதால், அதுவே வழுக்கி விரலை அறுக்கும்.

இவற்றுக்கெல்லாம் மருந்தாக நாம் சொல்வது ஒரே சொல்: “கவனமாய் இரு.” பதினான்கு மணி நேரம் நெருப்பின்முன் நின்றவனிடம் கவனத்தைக் கேட்பது, பட்டினி கிடப்பவனிடம் பொறுமையைக் கேட்பது போன்றது. களைத்தவன் தவறுவான், அவன் தவறினாலும் தப்பிப் பிழைக்கும்படி இடத்தை அமைப்பதே அறம். அண்டாவைத் தரையில் வைக்காமல் இடுப்பளவுத் திண்டின்மேல் வைத்து மூடி போடுவது. இரண்டு பேர் சுமக்க வேண்டியதை ஒருவர்மேல் ஏற்றாதிருப்பது. கழுவுமிடத்து நீர் நடைவழிக்கு வராமல் வடிகால் வெட்டுவது. வழவழப்பான தரைக்குப் பதில் சொரசொரப்பான கல் பதிப்பது. உருளைகளை வெளியே நிமிர்த்தி நிறுத்துவது. இரண்டாவது வாயில் ஒன்று வைப்பது. உருகித் தோலோடு ஒட்டும் செயற்கை இழை ஆடையை விட்டுப் பருத்தி ஆடையும் பிடிப்புள்ள மூடிய காலணியும் கொடுப்பது. எச்சரிக்கையைத் தெலுங்கிலும் இந்தியிலும் சேர்த்து எழுதுவது. இவற்றுள் பெரும்பாலானவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

சூடு பட்டுவிட்டாலோ, முதல் மருந்து ஓடும் குளிர்ந்த நீர். இருபது நிமிடமாவது குழாயடியில் காட்ட வேண்டும். வீங்குமுன் மோதிரம், காப்பு, கயிறு முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது. மாவு, மை, பற்பசை, வெண்ணெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அன்று அந்த அடுக்களையில் குழாய் மூன்றடி தொலைவில்தான் இருந்தது. அன்பு இருந்தது, அறிவு இல்லாமையால் மாவு பூசப்பட்டது.

சட்டம் இல்லாமலில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஓட்டல்களிலும் தேநீர்க் கடைகளிலும் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆபத்தற்ற பணியிடத்தைத் தருவதை முதலாளியின் கடமையாக்குகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் விடுதிகளுக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடும் உண்டு. ஆனால், எட்டுப் பேர் வேலை செய்யும் கடை? சட்டத்தின் கை பெரும்பாலும் எட்டாத அந்த இடத்தில்தான் மனச்சான்றின் கை நீள வேண்டும். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் உரிமைக்காகக் குரல் எழுப்பினார். புனித இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உடல்நலத்தைக் கெடுக்காத பணிச்சூழலைத் தொழிலாளரின் உரிமை என்றே குறிப்பிட்டார். உரிமை என்றால், கேட்டுப் பெறும் தயவு அன்று.

நம் திருவாலங்காட்டு மண்ணுக்கே உரிய பழங்கதை ஒன்று உண்டு. பக்கத்துப் பழையனூரில், நீலியைக் கண்டு அஞ்சிய வணிகன் ஒருவனுக்கு, “உன் உயிருக்கு நாங்கள் பிணை” என்று எழுபது வேளாளர் வாக்களித்தனர். அவன் உயிர் போயிற்று. எழுபது பேரும் தீக்குழியில் இறங்கினர் என்பது கதை. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வதைத் திருச்சபை ஒப்பாது. ஆயினும் ஒரு சொல்லுக்கு இம்மண் எவ்வளவு எடை கொடுத்தது என்பதை அக்கதை காட்டுகிறது. “இது எங்கள் குற்றமா? விதி அவனை முடித்தது” என்று அந்த எழுபதின்மர் சொல்லவில்லை. “உம் புள்ளைய நான் பார்த்துக்கிறேன்” என்று ஒரு முதலாளி தாயிடம் சொல்லும்போது, அவரும் உயிருக்குப் பிணை நிற்கிறார். இன்று எவரும் தீயில் இறங்க வேண்டியதில்லை. அண்டாவுக்கு ஒரு மூடி போட்டால் போதும்.

உரிமையாளரிடம் இக்கதையைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த மாதம் சென்றபோது நடைவழியில் அண்டா இல்லை. செங்கல் திண்டு ஒன்று எழுந்திருந்தது. அதன்மேல் மூடியோடு அண்டா. “ஒரு நாள் கல்லாப் பணம்கூட ஆகலை சாமி” என்றார். பிறகு தலைகுனிந்து, “முன்னாடியே செஞ்சிருக்கலாம்” என்றார். வாயில் இன்னும் ஒன்றேதான்; அதையும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

ஆனால் இக்கட்டுரையை அவர்மீது முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. அவ்வாண்டு நம் பங்குத் திருவிழா விருந்துக்கு ஏற்பாடு நடந்தபோது, கடந்த ஆண்டுகளின் காட்சி கண்முன் வந்தது. கோயில் வளாகத்தில் வரிசையாய்க் கோட்டை அடுப்புகள். இறக்கிய அண்டாக்கள் தரையில். இடையே ஓடியாடும் மறைக்கல்விப் பிள்ளைகள். வாளியோடு விரையும் இளைஞர்கள். “எவ்வளவு சுறுசுறுப்பு!” என்று பீடத்திலிருந்து அவர்களைப் பாராட்டியவர் நாமே. அங்கே எவரும் விழாதது நமது புண்ணியம் அன்று. குழியை மூடாமல் விட்டவருள் நாமும் ஒருவர். எனவே அவ்வாண்டு அடுப்புகளைச் சுற்றிக் கயிறு கட்டினோம். சிறுவரை உள்ளே விடவில்லை. ஒவ்வோர் அண்டாவுக்கும் மூடி. பக்கத்தில் குழாயோடு நீர்த்தொட்டி. வேறு வேலை எதுவுமின்றிப் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே ஒருவர். பந்தி அரை மணி தாமதமானது. சிலர் முணுமுணுத்தனர். அந்த அரை மணிக்காக நாம் வருந்தவில்லை.

அன்புக்குரிய வாசகர்களே, நம்முள் ஓட்டல் நடத்துவோர் உண்டு, அடுக்களையில் உழைப்போர் உண்டு, உண்போர் அனைவரும்தாம். “இன்னும் வரவில்லையா?” என்று மேசையைத் தட்டும் நம் அவசரமும் அடுக்களைக்குள் ஒருவனை ஓட வைக்கிறது. ஓடுகிறவனே வழுக்குகிறான். ஆகஸ்டு 10 அன்று நாம் கொண்டாடும் புனித லாரன்ஸ், 258ஆம் ஆண்டில் உரோமையில் இரும்புக் கட்டிலில் சுடப்பட்டு உயிர்நீத்தார் என்பது மரபு. சமையற்காரரின் பாதுகாவலர் அவர். அவர் சுருபத்துக்கு மாலையிடும் நாம், வெந்த கையோடு கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் சமையல்காரரைத் திரும்பிப் பார்த்ததுண்டா? உயிர்த்த ஆண்டவரே திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் வைத்துச் சீடருக்குக் காலை உணவு ஆக்கினார் (யோவான் 21:9). ஆணியின் தழும்பு ஏறிய கைகள் அவை. அந்நெருப்பருகே நின்றவரின் பெயரால் கேட்கிறோம்: நம் பொருட்டு நெருப்பருகே நிற்போரைக் காப்போம்.

அந்த இளைஞர் பிழைத்துக்கொண்டார். தோல் மாற்றி ஒட்டினார்கள். இப்போது வேறு வேலைக்குச் செல்கிறார். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறார். நற்கருணை வாங்க நீட்டும்போது அவருடைய இடக்கை முழுதாய் விரிவதில்லை. தழும்பு இழுத்துப் பிடித்த விரல்கள் பாதி மடங்கியே நிற்கும். அந்தக் கையில் ஆண்டவரின் உடலை வைக்கும்போதெல்லாம், தாழ்வாரத்தில் அந்தத் தாய் கேட்ட கேள்வி நம் செவியில் ஒலிக்கிறது. “ஆண்டவர் சித்தம்” என்று இப்போது நாம் எளிதில் சொல்வதில்லை. வழியில் கிடக்கும் அண்டாவை எடுத்து ஓரமாய் வைத்து மூடுவதே ஆண்டவர் சித்தம் என்று அறிந்துகொண்டோம்.